நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா, மொதல்ல தாயைப் பாருங்க: கேஎல், பினாங்குல புதுசா வாங்குறவங்களுக்கு

தீபாவளி கிட்ட வந்தா, இல்ல ஸ்கூல் லீவு விட்டா, நம்ம வாட்ஸ்அப் குரூப்புல யாராச்சும் ஒருத்தர் கண்டிப்பா கேப்பாங்க, "நல்ல நாய்க்குட்டி எங்க கெடைக்கும், பிள்ளைங்க ரொம்ப ஆசைப்படுறாங்க"ன்னு. அஞ்சு நிமிஷத்துல போட்டோவா வந்து குவிஞ்சிரும். எல்லாமே அழகா இருக்கும், ஏன்னா எட்டு வாரத்துல அழகில்லாத குட்டின்னு ஒன்னு கெடையவே கெடையாது. அந்த போட்டோவ வச்சு முடிவெடுக்குறதுலதான் எல்லாக் கஷ்டமும் ஆரம்பிக்குது. குட்டியப் பாத்து குட்டி வாங்கக் கூடாதுங்க, அது பொறந்த வீட்டையும் பெத்த தாயையும் பாத்துதான் வாங்கணும். தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள்ளுன்னு பெரியவங்க சொன்னது இதுக்கும் அப்படியே பொருந்தும். கீழ சொல்றது எல்லாமே அந்த ஒரு விஷயத்தச் சுத்திதான் வரும்.

மொதல்ல உங்க வீட்டப் பாருங்க

கொண்டோ, அப்பார்ட்மென்ட், ஃபிளாட்ல இருக்கறவங்க பிரீடருக்கு, அதான் ஜாதி நாய வளத்து குட்டி விக்கறவருக்கு, போன் போடறதுக்கு முன்னாடி மேனேஜ்மென்ட் ஆபிஸுக்குப் போய் ஹவுஸ் ரூல்ஸ் கேட்டு வாங்கிப் படிச்சிருங்க. "பக்கத்து பிளாக்குல ஒருத்தர் வச்சிருக்காரே"ங்கறது பதில் இல்ல. 2015 ஸ்ட்ராட்டா மேனேஜ்மென்ட் விதிமுறையில, மத்த வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவு தர்ற, ஆபத்தா இருக்கற பிராணிய வீட்டுல வைக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு, மேனேஜ்மென்ட் எழுத்துல நோட்டீஸ் குடுத்துட்டா மூணு நாளுக்குள்ள அத வெளிய அனுப்பியாகணும். மூணு நாள்ல ஒரு நாய்க்கு எங்க போய் வீடு தேடுவீங்க? ஷெல்டருக்கு வர்ற நல்ல ஜாதி நாய்ங்க பலது இப்படி வந்ததுதான்.

தாமான் வீடா இருந்தா உங்க ஏரியா கவுன்சில்கிட்ட நாய் லைசென்ஸ் எடுக்கணும். கேஎல்லன்னா டிபிகேஎல், பெட்டாலிங் ஜெயான்னா எம்பிபிஜே, பினாங்குத் தீவுன்னா எம்பிபிபி, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம்னா எம்பிஎஸ்பி. வீட்டுக்கு எத்தன நாய் வைக்கலாங்கறது ஒவ்வொரு கவுன்சிலுக்கும் வேற வேற, தெரஸ் வீட்டுக்கு ஒரு கணக்கு, பங்களாவுக்கு ஒரு கணக்கு. சில எடத்துல பக்கத்து வீட்டுக்காரங்க சம்மதமும் கேப்பாங்க. கேக்கலன்னாலும் நீங்களே போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. பக்கத்துல மலாய் குடும்பம் இருந்தா இன்னும் முக்கியம். நாய அவங்க கேட்டு பக்கம் விடாம பாத்துக்குறோம், கழிவ ஒடனே கழுவிருவோம்னு முன்னாடியே சொல்லிட்டா பின்னாடி பாதி பிரச்சன வராது.

இன்னொன்னு, பகல்ல வீட்டுல யாரு இருப்பாங்க? எட்டு வாரக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ சாப்பாடு வைக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஒன்னுக்கு இருக்கக் கொண்டு போகணும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் காலையில ஏழு மணிக்குக் கெளம்பி ஜேம்ல மாட்டி ராத்திரி எட்டுக்கு வர்ற வீடுன்னா, பாட்டியோ தாத்தாவோ வீட்டுல இல்லன்னா, இப்ப வாங்காதீங்க. வளந்த நாயா தத்தெடுக்குறது அந்த மாதிரி வீட்டுக்கு ரொம்ப நல்லது. அம்பாங்ல எஸ்பிசிஏ, அதான் பிராணி வதை தடுப்புச் சங்கம் இருக்கு, பினாங்குல ஜாலான் ஜெட்டியில எஸ்பிசிஏ இருக்கு, ஒரு சனிக்கிழம போய்ப் பாத்துட்டு வந்துட்டு அப்புறம் பிரீடர் பக்கம் யோசிங்க. ஜாதி நாய்தான் வேணும், அதோட கொணம், சைஸ், நோய் எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்னு நெனைக்கறதும் நியாயமான ஆசைதான். அவங்களுக்குத்தான் மிச்சக் கட்டுர.

எந்த ஜாதி

இது நீளமாப் போகக்கூடிய பேச்சு, சுருக்கமா சொல்லிடறேன். நம்ம ஊரு வெயில மனசுல வச்சுக்கோங்க. பக், ஃபிரெஞ்ச் புல்டாக் மாதிரி மூக்கு சப்பையா இருக்கற நாய்ங்களுக்கு மூச்சுக்குழாய் சின்னது, வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் ஒடம்பச் சூடு தணிக்கும், மத்தியானம் ரெண்டு மணிக்கு வெளிய ஓடவிட்டா மயங்கி விழுந்து செத்துப் போற அளவுக்கு ஆகும். ஏர்கான் இல்லாத வீட்டுக்கு அது வேணாம். ஹஸ்கியும் அதே மாதிரிதான், பனியில ஓடறதுக்குன்னே வளத்தெடுத்த நாய்.

பெரிய நாய் ஆசன்னா இன்னொரு விஷயம். பிட்புல், ஜப்பானிய டோசா, அகிட்டா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ, நியாப்பாலிட்டன் மாஸ்டிஃப் இதெல்லாம் நாட்டுக்குள்ள கொண்டு வரவே தடை. ரோட்வைலர், டோபர்மன், ஜெர்மன் ஷெப்பர்ட், புல் டெரியர், புல் மாஸ்டிஃப் எல்லாம் கட்டுப்பாடு உள்ள ஜாதி. யாராச்சும் "இம்போர்ட்டட் பிட்புல் குட்டி, பேப்பர் எல்லாம் இருக்கு"ன்னு சொன்னா அங்கயே பேச்ச முடிச்சுருங்க.

பிரீடர எங்க தேடறது

ஃபேஸ்புக்குல இருந்து ஆரம்பிக்காதீங்க. மலேசியன் கென்னல் அசோசியேஷன், நம்ம எம்கேஏ, உலக அளவுல எஃப்சிஐங்கற அமைப்புல சேர்ந்தது. அவங்ககிட்ட பதிவு பண்ணி கென்னல் பேரு வாங்கின பிரீடருங்க இருக்காங்க. டாக் ஷோ நடக்கறப்போ போங்க. போனதும் குட்டி இருக்கான்னு கேக்காதீங்க, அவங்க நாய ரிங்குல காட்டி முடிச்சு ஒக்காந்த பெறகு மெதுவா பேச்சுக் குடுங்க. உங்க ஜாதியில என்னென்ன நோய் வரும், அதுக்கு நீங்க என்ன டெஸ்ட் எடுக்கறீங்கன்னு கேளுங்க. நல்ல பிரீடருக்கு அந்தக் கேள்வி கேட்டாலே மொகம் மலந்துரும், அரை மணி நேரம் நிறுத்தாம பேசுவாங்க. "எங்க நாய்க்கு நோயே வராது"ன்னு ஒரு வரியில முடிச்சா நகந்துருங்க. நோய் வராத ஜாதி ஒன்னுமே கெடையாது.

ரெண்டாவது வழி வெட், அதான் மிருக டாக்டர்கிட்ட கேக்கறது. உங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற கிளினிக்ல போய், "டாக்டர், ஒழுங்கா ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்து, நாய நல்லா வச்சிருக்கற பிரீடர் யாராச்சும் உங்ககிட்ட வராங்களா?"ன்னு கேளுங்க. வெட்டுக்கு யாரு எப்படின்னு எல்லாம் தெரியும், செத்த குட்டியத் தூக்கிட்டு வர்றவங்களையும் அவங்கதான் பாக்கறாங்க.

சட்டத்தையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 2015 பிராணிகள் நலச் சட்டம் 2017 ஜூலை 1ல இருந்து அமல்ல இருக்கு. பிராணிய வச்சு தொழில் பண்றவங்க ஜேபிவி, அதான் கால்நடை மருத்துவ இலாகாகிட்ட லைசென்ஸ் எடுக்கணும். லைசென்ஸ் இருக்கான்னு கேக்கறதுல ஒரு மரியாத கொறச்சலும் இல்ல, நல்லவங்க கேட்ட ஒடனே எடுத்துக் காட்டுவாங்க.

நல்ல பிரீடர்கிட்ட பெரும்பாலும் குட்டி கையில இருக்காது. "அடுத்த ஈத்து இன்னும் நாலு மாசம் ஆகும், பேரு எழுதி வைக்கவா?"ன்னுதான் சொல்வாங்க. பொட்டை நாய் ஆறு மாசத்துக்கு ஒரு தடவதான் பருவத்துக்கு வரும், சின ஆனா 63 நாள், அப்புறம் குட்டி எட்டு வாரம் ஆகற வரைக்கும் தாய்கிட்ட இருக்கணும், ஒரு ஈத்து விட்டு தாய்க்கு ஓய்வு குடுக்கணும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒழுங்கா பண்றவங்களால எப்பப் பாத்தாலும் குட்டி வச்சிருக்கவே முடியாது. எந்த நாள் கேட்டாலும் பூடுல், பொமரேனியன், கோர்கி, கோல்டன் எல்லாமே "ரெடி ஸ்டாக்"னு சொல்றவங்ககிட்ட எங்கயோ ஒரு எடத்துல கூண்டுக்குள்ள தாய் நாய்ங்க வெளிச்சம் பாக்காம குட்டி போட்டுக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். காத்திருங்க. பத்துப் பன்னெண்டு வருஷம் கூட இருக்கப் போற ஜீவன், நாலு மாசம் பெருசில்ல.

போன்ல பேசறப்போ

உங்கள அவங்க கேள்வி கேக்கணும். இத ரொம்ப அழுத்தி சொல்றேன். என்ன வீடு, வேலி இருக்கா, வீட்டுல எத்தன பேரு, சின்னப் புள்ளைங்க வயசு என்ன, முன்னாடி நாய் வச்சிருந்தீங்களா, அது என்னாச்சு, சீனப் பெருநாளுக்கு ஊருக்குப் போனா நாய யாரு பாத்துக்குவா, இதெல்லாம் கேக்கணும். சில பேரு கோவப்படுவாங்க, "காசு குடுத்து வாங்குறேன், என்ன இன்டர்வியூவா பண்றாங்க"ன்னு. கோவப்படாதீங்க. தன் குட்டி எங்க போகுதுன்னு கவலப்படற ஆளுதான் அதோட தாய நல்லா வச்சிருப்பாங்க. மொத கேள்வியே "கேஷா, பேங்க் இன்னா?"ன்னு வந்தா வேற எடம் பாருங்க.

நீங்க கேக்க வேண்டியது: தாய்க்கு என்ன வயசு, இது எத்தனாவது ஈத்து, போன ஈத்து எப்ப, தாய் தகப்பன் ரெண்டுக்கும் என்ன டெஸ்ட் எடுத்தீங்க, நேர்ல வீட்டுக்கு வந்து தாயையும் குட்டியையும் ஒன்னாப் பாக்கலாமா. கடைசிக் கேள்விக்கு வர்ற பதில்தான் எல்லாமே. "நான் கொண்டு வந்து தரேன், எல்ஆர்டி ஸ்டேஷன்ல சந்திக்கலாம்", "பெட்ரோல் ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கோங்க", "கோவிட்ல இருந்து வீட்டுக்கு யாரையும் விடறதில்ல" இதுல எது வந்தாலும் வேணாம்.

நேர்ல போறப்போ

என் அத்த மக லாப்ரடோர் தேடினப்போ புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு சீன ஆண்ட்டி வீட்டுக்குக் கூடப் போனேன், அந்த வீட்ட இங்க சொன்னா உங்களுக்கு எதப் பாக்கணும்னு புரியும். கார்னர் லாட் தெரஸ் வீடு. கேட்ட தெறக்கறதுக்கு முன்னாடியே செருப்பக் கழட்டச் சொல்லி, ஒரு பேசினுல கிருமிநாசினி தண்ணி வச்சு கைய கழுவ விட்டாங்க, வேற எங்கயாச்சும் குட்டி பாத்துட்டு வந்தீங்களான்னு கேட்டாங்க. குட்டிங்களுக்கு ரத்தப் பேதி வர வச்சுக் கொல்ற பார்வோ வைரஸ் செருப்புலயும் துணியிலயும் ஒட்டிக்கிட்டு வந்துரும், மாசக்கணக்குல சாகாம இருக்கும், அதனாலதான் அந்தக் கேள்வி. ஒரே நாள்ல மூணு பிரீடர் வீட்டுக்குப் போற பிளான் போடாதீங்க.

குட்டிங்க பின்னாடி கொட்டாயில இல்ல, சமையக்கட்டுக்குப் பக்கத்துல மரப்பொட்டிக்குள்ள இருந்துச்சு. பொட்டியோட உள்பக்கம் நாலு சுவத்துலயும் ஒரு சாண் ஒசரத்துல கட்ட அடிச்சிருந்தாங்க. தாய் திரும்பிப் படுக்கறப்போ குட்டி சுவத்துக்கும் முதுகுக்கும் நடுவுல நசுங்காம அந்தக் கட்டைக்குக் கீழ ஒதுங்கிக்கும்னு ஆண்ட்டி சொன்னாங்க. ஒவ்வொரு குட்டி கழுத்துலயும் ஒரு கலர் நூலு. பக்கத்துல ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம், அதுல பச்ச, செவப்பு, மஞ்சள்னு கலர் போட்டு பொறந்த நாள்ல இருந்து தெனமும் எத்தன கிராம்னு எழுதி வச்சிருந்தாங்க, பூச்சி மருந்து குடுத்த தேதி ரெண்டு வாரத்துக்கு ஒன்னா மார்ஜின்ல இருந்துச்சு. சோத்துப் பானை சத்தம், டிவி, பேரப்புள்ளைங்க கத்துறது எல்லாத்துக்கு நடுவுலயும் குட்டிங்க அசந்து தூங்குது. சத்தத்துக்குப் பயப்படாத நாய் இப்படித்தான் உருவாகுது, மூணு வாரத்துல இருந்து பதினாலு வாரம் வரைக்கும் அது பாக்கறது கேக்கறதுதான் அதோட மனசுல பதியும்.

தாய் நாய் எங்ககிட்ட வந்து மோந்து பாத்துட்டு, ஆண்ட்டிய ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டு, வாலாட்டிக்கிட்டு படுத்துக்கிச்சு. பாக்க அழகா இல்ல. முடி கொட்டி, இடுப்பு எலும்பு லேசாத் தெரிஞ்சு, மடி தொங்கிப் போய் இருந்துச்சு. அப்படித்தாங்க இருக்கும், ஏழெட்டுக் குட்டிக்குப் பால் குடுத்த ஒடம்பு. இத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா சில விக்கிறவங்க வேற ஒரு நாயக் கொண்டு வந்து இதுதான் தாய்னு நிக்க வைப்பாங்க. முடி பளபளன்னு, வயிறு ஒட்டி, காம்பு சின்னதா, குட்டி கிட்ட வந்தா ஒதுங்கிப் போற நாய் ஆறேழு வாரக் குட்டிக்குத் தாயா இருக்க முடியாது. தாயையும் குட்டியையும் ஒன்னா விடச் சொல்லுங்க, குட்டி காம்பத் தேடிப் போகும், தாய் மோந்து நக்கும், தெரிஞ்சிரும்.

தகப்பன் நாய் அங்க இல்லன்னா சந்தேகப்பட வேணாம். நல்ல பிரீடருங்க பல நேரம் வேற வீட்டு கடுவன் கூடத்தான் சேப்பாங்க, போட்டோவும் பேப்பரும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் காட்டுனா போதும். ஆனா தாய் இல்லன்னா பேச்சே வேணாம். தாய் பயந்து ஒடுங்கினாலும், பல்லக் காட்டி ஒருத்தரையும் கிட்டவே விடலன்னாலும் யோசிங்க, குட்டிக்கும் அந்தக் கொணம் எறங்கும்.

மூக்கையும் நம்புங்க. காலையில குட்டி போன மூத்திர நாத்தம் வேற, கழுவாத கூண்டுல ஊறிப் போன கண்ணெரியற நாத்தம் வேற. வீட்டுல இருக்கற மத்த நாய்ங்களோட காது மடிப்பு, வெரல் இடுக்கப் பாருங்க. உண்ணி கொத்துக் கொத்தா இருந்தா அங்க வாங்காதீங்க, நம்ம ஊருல உண்ணிக் காய்ச்சல் எவ்வளவு சகஜம்னு எந்த வெட்டக் கேட்டாலும் சொல்வாங்க.

குட்டியத் தூக்கிப் பாக்கறப்போ

கண்ணு தெளிவா இருக்கணும், மூக்குல சளி இருக்கக் கூடாது. ஈறு ரோஸ் கலரா இருக்கணும், வெளுத்திருந்தா ரத்தம் கொறச்சல், பூச்சியோ உண்ணியோ காரணமா இருக்கும். ஒடம்பு மெலிஞ்சு வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தாலும் பூச்சிதான். தொப்புள தடவிப் பாருங்க, மெத்துன்னு புடைச்சிருந்தா ஹெர்னியா, சின்னதுன்னா பெரிய ஆபத்து இல்ல, ஆனா பிரீடரே முன்னாடி சொல்லியிருக்கணும். பின்பக்க முடியில பேதி ஒட்டியிருக்கான்னு பாருங்க. பின்னாடி இருந்து லேசா கை தட்டுங்க, திரும்பணும். கடுவன்னா ரெண்டு வெதையும் எறங்கியிருக்கான்னு கேளுங்க. மொதல்ல ஓடி வந்து உங்க மேல பாயற குட்டியையே புடிக்காதீங்க, மூலையில பதுங்குறதையும் பாவம்னு தூக்காதீங்க. எட்டு வாரம் தெனமும் பாத்த பிரீடர், "உங்க வீட்டுக்கு மஞ்ச நூலுதான் சரியா வரும்"னு சொன்னா கேட்டுக்கோங்க. அத்த மகளுக்கும் அப்படித்தான் மஞ்ச நூலு குட்டி வந்துச்சு.

எட்டு வாரத்துக்கு முன்னாடி எந்தக் காரணம் சொன்னாலும் வாங்காதீங்க. "பால் மறந்துருச்சு, சோறு சாப்பிடுது, கூட்டிட்டுப் போங்க"ன்னு அஞ்சு வாரத்துல தள்ளிவிடப் பாப்பாங்க. எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்ங்கறத குட்டி கத்துக்கறது அந்தக் கடைசி மூணு வாரத்துலதான், கூடப் பொறந்ததுங்க கத்தும், தாய் அதட்டும். அது கத்துக்காம வந்த குட்டி உங்க பிள்ள கையில ரத்தம் வர்ற மாதிரி கடிக்கும், அதுக்கு அது மேல குத்தம் இல்ல.

டீகப் பூடுல், டீகப் பொமரேனியன்னு சொல்லி கூடுதல் காசு கேப்பாங்க. அப்படி ஒரு ஜாதியே எஃப்சிஐ கணக்குல கெடையாது. வளராத குட்டிய, இல்ல வயசக் கொறச்சு சொன்ன குட்டிய அந்தப் பேருல விக்கிறாங்க. அவ்வளவு சின்ன ஒடம்புல ஒரு வேள சாப்பாடு தவறினாலே சர்க்கரை எறங்கி வலிப்பு வந்துரும். அபூர்வமான கலருக்கு டபுள் வெலைன்னு சொன்னாலும் கலருக்காகக் காசு குடுக்காதீங்க.

பேப்பர்

ஊசி புத்தகத்தத் தெறந்து பாருங்க. மருந்து பாட்டில்ல இருந்து உரிச்ச ஸ்டிக்கர், தேதி, வெட் கையெழுத்து, கிளினிக் சாப்பு எல்லாம் இருக்கணும். வெறும் பேனாவுல டிக் போட்டிருந்தா அது ஊசி இல்ல. சாப்புல இருக்கற கிளினிக்குக்கு போன் பண்ணிக் கேளுங்க, ரெண்டு நிமிஷ வேல.

மைக்ரோசிப் நம்பர் 15 இலக்கம் இருக்கும். எந்த வெட்கிட்ட போனாலும் ஸ்கேன் பண்ணிக் காட்டுவாங்க, பேப்பர்ல இருக்கறதும் ஸ்கேன்ல வர்றதும் ஒன்னா இருக்கணும்.

எம்கேஏ சர்டிஃபிகேட்டப் பத்தி நெறைய பேரு தப்பா நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அது இந்தக் குட்டியோட அப்பா அம்மா, தாத்தா பாட்டி யாருன்னு சொல்ற பேப்பர். ஆரோக்கியமா இருக்குன்னு சொல்ற பேப்பர் இல்ல. ஆரோக்கியத்துக்குத் தனியா கேக்கணும். லாப்ரடோர், கோல்டன், ஜெர்மன் ஷெப்பர்ட்னா தாய் தகப்பனோட இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே ரிப்போர்ட். டாய் பூடுல், பொமரேனியன், சுவாவான்னா முழங்கால் சில்லு நழுவுதான்னு வெட் கையால தடவிப் பாத்து எழுதிக் குடுத்தது. பூடுலுக்கும் லாப்ரடோருக்கும் கண்ணு போற பரம்பர நோய் இருக்கு, அதுக்கு டிஎன்ஏ டெஸ்ட் இருக்கு. இடுப்பு நழுவின லாப்ரடோர் ரெண்டு வயசுல படியேற முடியாம நிக்கறதப் பாத்தவங்களுக்குத் தெரியும் அந்த எக்ஸ்ரே எவ்வளவு முக்கியம்னு.

அக்ரிமென்ட் ஒன்னு எழுதி வாங்குங்க. எத்தன நாளுக்குள்ள நோய் வந்தா என்ன பண்ணுவாங்க, பரம்பர நோய் பின்னாடி தெரிஞ்சா என்ன, உங்களால வச்சுக்க முடியலன்னா திரும்ப எடுத்துக்குவாங்களா. கடைசி வரி இருக்கற அக்ரிமென்ட்தான் நல்ல பிரீடரோட கையெழுத்து. எந்த வயசுலயும் திரும்ப எங்ககிட்டதான் குடுக்கணும், வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு எழுதுவாங்க.

காசு குடுக்கறப்போ

நேர்ல பாக்காம ஒரு சென் கூட டெபாசிட் போடாதீங்க. திருட்டு போட்டோ போட்டு, வெல பாதியா சொல்லி, டெபாசிட் வாங்கிக்கிட்டு, அப்புறம் "குட்டி ஏர்போர்ட்ல மாட்டிக்கிச்சு, பெர்மிட்டுக்கு இன்னும் 500 வெள்ளி, கூண்டுக்கு 300 வெள்ளி"ன்னு கறந்துக்கிட்டே இருப்பாங்க, குட்டி ஒன்னு இருக்கவே இருக்காது. பேங்க் அக்கவுண்ட் நம்பரையும் போன் நம்பரையும் மோசடிக்காரங்களோடதான்னு தெரிஞ்சுக்க போலீஸோட செமாக் மியூல் இணையத்தளத்துல போட்டுப் பாருங்க. காசு போயிருச்சுன்னா ஒடனே உங்க பேங்குக்கும் மோசடிப் புகார் நம்பர் 997க்கும் போன் போடுங்க, அப்புறமா போலீஸ் ரிப்போர்ட். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது.

"தாய்லாந்துல இருந்து நேரா வந்தது"ன்னு சொல்ற குட்டி பெர்மிட், கோரன்டின் பேப்பர் இல்லாம வந்தா அது கடத்தல். நம்ம வட மாநிலத்துக்காரங்களுக்கு இது நல்லாத் தெரிஞ்சிருக்கணும். 2015ல பெர்லிஸ், கெடா, பினாங்குல ரேபிஸ், அதான் வெறிநாய்க்கடி நோய் வந்து, பினாங்குல எத்தன தெருநாயக் கொன்னாங்கன்னு அப்ப அங்க இருந்தவங்க இன்னும் மறக்கல. எல்லை தாண்டி திருட்டுத்தனமா வர்ற ஒவ்வொரு குட்டியும் அந்த ஆபத்தத் திரும்பக் கொண்டு வர வாய்ப்பிருக்கு.

வீட்டுக்குக் கொண்டு வந்த பெறகு

பட்டாசு வெடிக்கற வாரத்துல கொண்டு வராதீங்க, தீபாவளியோ சீனப் பெருநாளோ முடியட்டும். தாய் படுத்த துணி ஒரு துண்டு கேட்டு வாங்கிட்டு வாங்க, மொத ராத்திரி அது கூட படுத்துக்கும். பிரீடர் குடுத்த அதே சாப்பாட்டத்தான் ஒரு வாரமாவது வைக்கணும், மாத்தணும்னா கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. வந்ததும் ரசஞ்சோறும் பாலும் வச்சு பேதி ஆக்கிராதீங்க.

ரெண்டு நாளுக்குள்ள உங்க வெட்கிட்ட காட்டுங்க. ஆறுல இருந்து எட்டு வாரத்துல மொத ஊசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒன்னா 16 வாரம் தாண்டற வரைக்கும் போடணும். தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி ஒடம்புல இருக்கற வரைக்கும் ஊசி சரியாப் புடிக்காது, அது எப்ப கொறையும்னு குட்டிக்குக் குட்டி மாறும், அதனாலதான் திரும்பத் திரும்பப் போடறாங்க. ஒரு ஊசி போட்டாச்சு போதும்னு விட்ட குட்டிங்கதான் பார்வோவுல போகுது. ஊசி முடியற வரைக்கும் பசார் மாலாம் தரையிலயும் பார்க் புல்லுலயும் எறக்காதீங்க, ஆனா வீட்டுலயே பூட்டியும் வைக்காதீங்க. தூக்கிக்கிட்டே போய் மோட்டார் சத்தம், மழ, குடை, தொப்பி போட்ட ஆளு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க எல்லாத்தையும் காட்டுங்க. கொசு மூலமா வர்ற இதயப் பூச்சிக்கும் உண்ணிக்கும் மாச மருந்து எப்ப ஆரம்பிக்கணும்னு அதே விசிட்ல கேட்டுருங்க. பினாங்குல இருந்தா ரேபிஸ் ஊசியப் பத்தியும் கேளுங்க.

குட்டி சாப்பிடாம சோந்து, வாந்தி எடுத்து, ரத்தம் கலந்த பேதி போனா காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரியே 24 மணி நேர கிளினிக்குக்கு ஓடுங்க. பார்வோவுக்கு சில மணி நேரந்தான் கணக்கு. பிரீடருக்கும் ஒடனே சொல்லுங்க, அவங்க மத்த குட்டி வாங்கினவங்கள எச்சரிக்கணும். நல்ல பிரீடர் போன எடுப்பாங்க. எடுக்கலன்னா பில்லு, வெட் ரிப்போர்ட், அக்ரிமென்ட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு பயனீட்டாளர் டிரிபியூனல்ல கேஸ் போடலாம். பதிவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம்.

ஒரு எடத்துக்குப் போய், கூண்டுக்குள்ள புண்ணும் உண்ணியுமா குட்டிங்களப் பாத்துட்டா, மனசு கேக்காம "இந்த ஒன்னையாவது காப்பாத்திடலாம்"னு காசு குடுத்துத் தூக்கிட்டு வரத் தோணும். தயவு செஞ்சு பண்ணாதீங்க. அந்தக் காசுல அடுத்த மாசம் அதே கூண்டுல அதே தாய் திரும்ப சின ஆகும். அதுக்குப் பதிலா தேதி, அட்ரஸ், முடிஞ்சா போட்டோ இதெல்லாம் எடுத்துக்கிட்டு ஜேபிவியில புகார் குடுங்க, எஸ்பிசிஏகிட்டயும் சொல்லுங்க. பிராணிய வதைச்சது நிரூபிச்சா 20,000ல இருந்து 100,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும் அந்த 2015 சட்டத்துல இருக்கு. புகார் நம்பர வாங்கி வச்சுக்கிட்டு ரெண்டு வாரம் கழிச்சு என்னாச்சுன்னு திரும்பக் கேளுங்க, கேக்கறவங்க இருந்தாத்தான் ஃபைல் நகரும்.